முஸல்லா: தொழுகை விரிப்பின் பெயரும் வடிவமும்

பழங்கால இஸ்லாமிய விரிப்புகளைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் பலர் அவற்றைப் 'பிரார்த்தனைக் கம்பளம்' என்கிறார்கள். ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த பிழை இது. தமிழ் முஸ்லிம்களின் எழுத்தில் பிரார்த்தனை என்பது 'துஆ', அதாவது கையேந்தி இறைவனிடம் வேண்டுவது. ஐவேளையும் நின்று, குனிந்து, நெற்றியை நிலத்தில் வைத்து நிறைவேற்றும் கடமைக்குப் பெயர் தொழுகை. இந்த விரிப்பு தொழுகைக்காகவே நெய்யப்பட்டது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் இதை முஸல்லா என்பார்கள். தொழுகை விரிப்பு, தொழுகைப் பாய் என்றும் சொல்வார்கள். கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு இன்னொன்றைத் தேடிப் போக வேண்டிய தேவை இல்லை.

முஸல்லா அரபுச் சொல். தொழுகையைக் குறிக்கும் 'ஸலாத்' பிறந்த அதே வேரிலிருந்து வந்தது. அதன் முதற்பொருள் தொழும் இடம். இப்ராஹீம் நின்ற இடத்தை முஸல்லாவாக ஆக்கிக்கொள்ளுங்கள் என்று குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், 125ஆம் வசனம் சொல்கிறது. அங்கே விரிப்பு என்ற பேச்சே இல்லை. பெருநாள் தொழுகை நடக்கும் திடலுக்கும் இதே பெயர் உண்டு. இடத்தைக் குறித்த சொல், அந்த இடத்தைச் சுத்தமாக வரையறுக்கும் துணிக்கும் பாய்க்கும் பின்னால் ஆகிவந்தது.

நூல்களில் அதிகம் வரும் இன்னொரு பெயர் சஜ்ஜாதா. இதன் வேர் 'ஸஜ்தா', அதாவது சிரம் பணிதல். நெற்றியும் மூக்கும், இரு உள்ளங்கைகளும், இரு முழங்கால்களும், இரு கால்விரல்களும் நிலத்தைத் தொட வேண்டும். பள்ளிவாசலைக் குறிக்கும் 'மஸ்ஜித்' என்ற சொல்லும் இந்த வேரில் முளைத்ததுதான். துருக்கியில் இது செஜ்ஜாதே, இந்தோனேசியாவில் சஜாதா. சூஃபி மரபில் சொல் இன்னும் ஒரு படி உயர்ந்தது: குருவின் விரிப்பில் அமர்பவரே அவருடைய வாரிசு. தர்காக்களின் மரபுத் தலைவரைச் 'சஜ்ஜாதா நஷீன்' என்று அழைப்பது இதனால்தான். நஷீன் என்றால் பாரசீகத்தில் அமர்ந்திருப்பவர்.

பாரசீகமும் உருதும் இதை ஜானமாஸ் என்கின்றன. ஜா என்றால் இடம், நமாஸ் என்றால் தொழுகை. இந்த நமாஸ் அரபு அல்ல. பழைய ஈரானிய மொழிச் சொல்; வடமொழியின் 'நமஸ்' இதற்கு உடன்பிறப்பு. நமஸ்காரத்தில் இருப்பதும் அதே வேர்.

தொழுவதற்கு விரிப்பு கட்டாயமா என்றால், இல்லை. பூமி முழுவதும் எனக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது என்று நபிகள் நாயகம் சொன்னதாக ஹதீஸ் உண்டு. இடம் தூய்மையாக இருந்தால் போதும். அவர் 'கும்ரா' எனப்படும் சிறிய பேரீச்ச ஓலைப் பாயில் தொழுததையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. 1352-53இல் மாலி நாட்டில் தங்கியிருந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதா அங்கே கண்ட வழக்கம் ஒன்றை எழுதிவைத்திருக்கிறார்: வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசல் நிரம்பிவிடும் என்பதால், முன்கூட்டியே பையனிடம் விரிப்பைக் கொடுத்தனுப்பி இடம்பிடித்து வைப்பார்கள். அதுவும் ஓலைப் பாய்தான். பட்டும் கம்பளியுமோ அரண்மனைகளும் ஊர்த்தறிகளும் சேர்த்த அழகு. திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடையில் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறைகளாக நெய்துவரும் கோரைப்பாயை நினைத்துப் பார்த்தால், பாய் என்ற சொல்லை இதன் வரலாற்றிலிருந்து விலக்கிவைக்க எனக்கு மனம் வருவதில்லை.

நெய்த கம்பளத்துக்கு வருவோம். இதைத் தொழுகைக்குரியது என்று காட்டும் அடையாளம், ஒரு பக்கம் நோக்கி எழும் வளைவு. பள்ளிவாசலில் மக்காவை நோக்கிய கிப்லாச் சுவரில் அந்தத் திசையைக் காட்டும் வளைந்த குழிவான மிஹ்ராபின் உருவம் அது. வளைவின் நடுவே பெரும்பாலும் ஒரு விளக்கு தொங்கும். குர்ஆனின் 'ஒளி' அத்தியாயத்தில், இறைவனின் ஒளிக்கு உவமையாக ஒரு மாடமும் அதனுள் ஒரு விளக்கும் சொல்லப்படுகின்றன. நம் பழைய வீட்டுச் சுவர்களில் அகல் வைப்பதற்கென்று விட்ட மாடத்தை அறிந்தவர்களுக்கு இந்த வடிவம் உடனே பிடிபடும். ஆகவே கம்பளத்தில் வரும் வளைவை 'மாடம்' என்று எழுதுவதே பொருத்தம். பள்ளிவாசல் சுவரில் இருப்பது மிஹ்ராப், நெசவில் இருப்பது மாடம் என்று பிரித்துக்கொண்டால் குழப்பமும் வராது.

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் துருக்கியின் உதுமானிய அரசவைக்காக நெய்யப்பட்ட ஒரு கம்பளம் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜேம்ஸ் பல்லார்ட் என்ற சேகரிப்பாளர் 1922இல் அளித்தது. பாவும் ஊடையும் பட்டு, முடிச்சுகள் கம்பளியும் பருத்தியும். மூன்று வளைவுகள், நடு வளைவைத் தாங்க மெல்லிய இரட்டைத் தூண்கள், நடுவில் விளக்கு, வளைவுகளுக்கு மேலே சின்னச் சின்னக் குவிமாடங்கள். ஒரு கட்டடத்தின் வாசலில் நிற்பது போலவே இருக்கும். தூணுக்கு அடிப்பீடம் உண்டு, மேலே போதிகை உண்டு. எடையைத் தாங்கும் தூண் என்பதில் சந்தேகம் வராது.

இதே வடிவம் துருக்கியின் ஆசியப் பகுதியான அனடோலியாவின் ஊர்த்தறிகளுக்கு இறங்கியபோது நடந்ததுதான் இந்தக் கலையின் மிகச் சுவையான பகுதி. கோர்தெஸ், குலா, லாதிக் என்று ஊர்ப்பெயராலேயே இந்த வகைகள் அறியப்படுகின்றன. 18, 19ஆம் நூற்றாண்டுக் கோர்தெஸ் விரிப்புகளில் தூண்கள் இளைத்துப் பூப்பட்டைகளாகிவிடுகின்றன. சிலவற்றில் அடிப்பீடமே இல்லை. தூண்கள் மேலிருந்து தொங்குகின்றன. விளக்கு மெல்ல மெல்லப் பூங்கொத்தாக மாறுகிறது. கொன்யா அருகிலுள்ள லாதிக்கின் விரிப்புகளில் நீண்ட தண்டுள்ள துலிப் பூக்கள் தனிக் கட்டத்தில் வரிசையாக நிற்கும். இதைச் 'சீரழிவு' என்று பழைய அறிஞர்கள் சிலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நெசவாளி தூணைத் தூணாகப் பார்க்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அவருக்குத் தெரிந்தது பூவும் நிறமும் முடிச்சும். மாடமும் அது காட்டும் திசையும் அவர் கையில் மாறவே இல்லை.

நிறங்களுக்குத் தாவரச் சாயம்தான். மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து சிவப்பு, அவுரியிலிருந்து நீலம். 1856இல் செயற்கைச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டு, சில பத்தாண்டுகளுக்குள் அனடோலியத் தறிகளையும் எட்டியது. அதனால் காலக்கணிப்பில் சாயம் ஒரு முக்கியச் சாட்சி. நெய்த ஆண்டை இஸ்லாமிய ஆண்டுமுறையான ஹிஜ்ரிக் கணக்கில் முடிச்சிட்டுக் காட்டும் கம்பளங்களும் உண்டு. ஆனால் அந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அரபு எழுத்துமுறையில் மூன்றுக்கு இரண்டு பல், இரண்டுக்கு ஒரு பல். ஒரு பல்லின் முடிச்சுகளைப் பிடுங்கி மறுபடி முடிந்தால் 1310 என்பது 1210 ஆகிவிடும். பொது ஆண்டில் அது 1892ஐ 1795க்குக் கொண்டுபோய்விடுகிறது.

மாடம் இருந்தால் எல்லாமே தொழுகை விரிப்பா? அதுவும் இல்லை. மத்திய ஆசியாவின் துர்க்மேனியர்கள் கூடாரத்தின் வாசலில் தொங்கவிட்ட 'என்சி' என்ற விரிப்பில் மேலே சிறிய மாட வடிவம் இருப்பதால் வணிகர்கள் அதையும் இந்தப் பெயரில் விற்றார்கள். மறுபுறம், உண்மையான தொழுகை விரிப்புகளும் தொழாதவர்களிடம் போய்ச் சேர்ந்தன. 15, 16ஆம் நூற்றாண்டு வெனிஸ் ஓவியங்களில் இவை வருகின்றன. ஓவியர் பெல்லினியின் பெயரிலேயே ஒரு வகை உண்டு: கீழ்ப்பக்கம் சாவித்துளை போன்ற வடிவம் உள்ளே புகுந்திருக்கும் விரிப்பு. இன்றைய ருமேனியாவின் திரான்சில்வேனியாவில், பிரஷோவ் நகரத்துக் கறுப்புத் தேவாலயத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட அனடோலிய விரிப்புகள் இருக்கின்றன. அங்கிருந்த ஜெர்மன் மொழி பேசும் லூத்தரன் வணிகர்களும் கைவினைச் சங்கங்களும் காணிக்கையாகக் கொடுத்தவை. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்துக்குப் பிறகு உருவப் படங்கள் அகற்றப்பட்ட தேவாலயங்களுக்கு, மனித உருவமே இல்லாத இந்த விரிப்புகள் ஏற்ற அலங்காரமாயின.

இந்த வணிகம் இஸ்தான்புல்லுக்கு உறுத்தியது. 1610இல், சுல்தான் முதலாம் அகமதுவின் ஆட்சியில், மேற்கு அனடோலியாவின் குத்தாஹியாவுக்கு ஓர் ஆணை போனது: மிஹ்ராப், கஅபா, எழுத்து ஆகியவற்றைக் கொண்ட விரிப்புகள் பிற மதத்தவருக்கு விற்கப்படுகின்றன, அவற்றை நெய்யக் கூடாது என்று. இரு முனையிலும் மாடம் கொண்ட, எனவே திசையே காட்டாத சிறு விரிப்புகள் பரவியதற்கு இந்த ஆணையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. பிரஷோவில் ஒற்றை மாட விரிப்புகளும் இருப்பதைப் பார்த்தால், ஆணை தறிகளை முழுதாகக் கட்டிப்போடவில்லை என்பது தெரிகிறது.

பல மாடங்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும் நீளக் கம்பளத்துக்கு 'ஸஃப்' என்று பெயர். தொழுகையில் தோளோடு தோள் நிற்கும் வரிசைக்கும் அதே சொல்தான். தமிழ் முஸ்லிம்களுக்கு அது அன்றாடச் சொல். துருக்கியின் எதிர்னெ நகரத்துச் செலிமியே பள்ளிவாசலிலிருந்து வந்த ஸஃப் விரிப்புகளை இஸ்தான்புல்லின் துருக்கிய, இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் பாதுகாக்கிறது.

இனித் தமிழ்ச் சொல். தொழு என்பது பழந்தமிழ் வினை. குறளில் 'தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்' என்று வருகிறது. அங்கே கூப்பிய கை. அந்த வினையிலிருந்து வந்த தொழுகையைத் தமிழ் முஸ்லிம்கள் ஸலாத்துக்கென்று எடுத்துக்கொண்டு நிலைநிறுத்திவிட்டார்கள். இன்று அதற்கு வேறு பொருள் கொள்வாரில்லை. எனவே பொதுப்பெயர் தொழுகை விரிப்பு. முடிச்சிட்டு நெய்ததானால், ரத்தினக் கம்பளம் என்ற வழக்கை ஒட்டித் தொழுகைக் கம்பளம். ஓலையோ கோரையோ ஆனால் தொழுகைப் பாய். பல மாடங்கள் கொண்டது வரிசை விரிப்பு, அல்லது ஸஃப் விரிப்பு. வீட்டுப் பேச்சையும் வாழ்க்கையையும் எழுதும்போது முஸல்லா என்றே எழுதலாம். அதுவும் தமிழாகிவிட்ட சொல்தான். காட்சிக் குறிப்பு எழுதுபவர்களுக்கு ஒரு மாதிரி: 'ஒற்றை மாடத் தொழுகைக் கம்பளம், லாதிக், அனடோலியா, 18ஆம் நூற்றாண்டு, கம்பளி.'