ஹைட்ரேஷன்: நீரேற்றமா, இயக்கமூட்டலா?

பினாங்கில் வார இறுதிகளில் இளையோருக்கு வலை நிரலாக்கம் கற்பிக்கிறேன். வலை நிரலாக்கத்தில் வரும் ‘ஹைட்ரேஷன்’ (hydration) என்பதை ‘நீரேற்றம்’ என்று எழுதிய குறிப்பேடுகளை ஓராண்டாகத் திருத்திவருகிறேன். சென்ற சனிக்கிழமை ஒரு மாணவி, "பக்கத்துக்குள் எதற்கு ஐயா தண்ணீர் ஏற்றுகிறார்கள்?" என்று கேட்டபோது, இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

நீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது ‘ஹைட்ரேஷன்’ என்ற ஆங்கிலச் சொல். வேதியியலில் ஒரு பொருளோடு நீர் சேர்வதைக் குறிக்கும். வலையில் அதன் பொருள் வேறு. வழங்கி (பக்கங்களை அனுப்பும் கணினி) முன்னரே ஆக்கி அனுப்பிய ஹெச்டிஎம்எல் பக்கம் உலாவியில் முழுமையாகத் தெரிந்தாலும், அதை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வந்து சேரும்வரை அதிலுள்ள பொத்தான்கள் வேலை செய்வதில்லை. வந்தபின், சட்டகம் (பக்கத்தைக் கட்டமைக்க உதவும் ஆயத்த நிரல் தொகுப்பு) பக்கத்தின் கூறுகளுக்கான நிரலை ஒருமுறை ஓட்டி, திரையில் ஏற்கெனவே உள்ளவற்றோடு பொருத்திப் பார்த்து, அவற்றை அழிக்காமல் நிகழ்வுக் கையாளிகளை, அதாவது சொடுக்கு போன்றவற்றுக்குப் பதில்வினை செய்யும் நிரல்களை, பிணைக்கிறது. இப்பணிக்கு ரியேக்ட் (React) என்ற பரவலான நிரலகம் 2017இல், தன் 16ஆம் பதிப்பில், தனிச் செயற்கூறே தந்தது.

உலர்ந்த பக்கம் ஈரம் பெறுகிறது என்ற உருவகத்தைக் காக்கவேண்டும் என்பது ‘நீரேற்றம்’ என்போரின் வாதம். அந்த உருவகமே தமிழில் இப்படி வராது. காய்ந்த நெத்திலியையோ வற்றலையோ நம் வீடுகளில் ஊறவைக்கிறோம், யாரும் நீரேற்றுவதில்லை. நீரேற்றுவது கிணற்று ஏற்றத்துக்கும் நீரேற்று நிலையத்துக்கும் உரிய வேலை. ஆங்கில ‘மவுஸை’ நாம் எலி என்று நிலைக்கவிடாமல், அது செய்யும் வேலையைப் பார்த்துச் ‘சுட்டி’ என்றோம். அந்தத் துணிவு இங்கு மட்டும் ஏன் இல்லை? அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, அந்தச் சொல் வாக்கியத்தில் நிற்குமா என்று பாராத மொழிபெயர்ப்பாளர்களே இதற்குப் பொறுப்பு. வழங்கி உலகப் பொது நேரப்படி காலை 4 மணி என்று எழுதி அனுப்ப, பினாங்கு உலாவி நண்பகல் 12 என்று கணக்கிட்டால் எழும் பிழையை ‘நீரேற்றப் பொருந்தாமை’ என்றால், எந்த மாணவர் அதைப் படித்துப் பிழையைத் தேடுவார்?

‘உயிரூட்டல்’ என்பாரும் உளர். சொல் அழகுதான், ஆனால் அசைவுப்படத்துக்கு (அனிமேஷன்) அது முன்பே வழங்குகிறது. மேலும், ஜாவாஸ்கிரிப்ட் வருமுன்னரே அப்பக்கத்தைப் படிக்கலாம், இணைப்புகளைச் சொடுக்கலாம். அதை உயிரற்றது என்பது பிழை. அதில் இல்லாதது இயக்கமே. ஆகவே ‘இயக்கமூட்டல்’ என்கிறேன்: ‘பக்கம் இன்னும் இயக்கமூட்டப்படவில்லை’, ‘இயக்கமூட்டலில் பொருந்தாமை’. அந்த மாணவியிடம் இவ்விரு தொடர்களையும் எழுதிக் காட்டினேன். அவரே வழங்கியின் நேரத்தைச் சரிபார்க்கத் தொடங்கினார்.