அக்டோபரில் கடித்துப் பார்த்துவிட்டு மரத்தை வெட்டாதீர்கள்

ஜெர்மனியில் பழமரப் பராமரிப்பு வேலைக்கு என்னை அழைப்பவர்களில் பலர், பழைய தோட்டத்தோடு வீடு வாங்கியவர்கள். பழம் கல்லு மாதிரி இருக்கிறது, ஒரே புளிப்பு, வெட்டிவிடலாமா என்பார்கள். ரைன் ஆற்றுப் பகுதியில் இப்படிக் கேட்டால், மரத்தைப் பார்க்கும் முன்பே 'போனாப்ஃபெல்' என்ற ஆப்பிள் ரகத்தின் பெயர்தான் எனக்குத் தோன்றும்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த ஆற்றங்கரையிலுள்ள நொய்வீட் வட்டாரத்தில் தோன்றிய ரகம் இது. அக்டோபர் கடைசியில் பறிக்க வேண்டும். பறித்த கையோடு கடித்தால் பல் கூசத்தான் செய்யும். அதை வைத்து மரத்துக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். குளிர்ச்சியான நிலவறையில் அடுக்கி வைத்தால் பிப்ரவரி வாக்கில் புளிப்பு அடங்கி, சாப்பிடப் பக்குவமாகும். மே மாதம் வரைகூடக் கெடாது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் பண்ணை வீடுகள் இதை விடாமல் வளர்த்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் இதன் உண்மையான இடம் சாறு பிழியும் ஆலைதான். புளிப்பும் துவர்ப்பும் இருப்பதால், வெறும் இனிப்பு ரகங்களின் சாற்றில் இதைக் கலந்தால் சுவை எடுப்பாகிவிடும். 'மோஸ்ட்' என்னும் ஆப்பிள் மதுவுக்கும் அப்படியே. காயவைக்கலாம், மசித்தும் வேகவைக்கலாம்.

இங்கேதான் ஒரு எச்சரிக்கை. கீழே விழுந்ததை எல்லாம் சாக்கில் அள்ளி, இரண்டு மூன்று வாரம் கொட்டகையில் போட்டுவிட்டு ஆலைக்குக் கொண்டு வருகிறார்கள். சாக்கைக் கவிழ்த்தால் அடியில் பழுப்பாகக் குழைந்து, நீலப் பூஞ்சை பூத்த பழங்கள். அந்தப் பூஞ்சை பட்டுலின் என்ற நச்சைச் சுரக்கும். சாற்றைச் சூடாக்கினாலும் அது போகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆப்பிள் சாற்றுக்கு அனுமதித்த உச்ச அளவு கிலோவுக்கு 50 மைக்ரோகிராம்தான். விழுந்த பழம் தப்பில்லை, அழுகிய பழம்தான் தப்பு. பொறுக்கிய ஓரிரு நாளில் பிழிந்துவிடுங்கள். ஆடு மாடு மேயும் புல்வெளியில் பொறுக்கியது என்றால், சூடாக்காத சாற்றைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கவே வேண்டாம், ஈ.கோலை கிருமி வரலாம்.

அப்புறம், புதிதாக நடுவோருக்கு: இது மும்மடிய ரகம், அதாவது வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதி குரோமோசோம் கொண்டது; அதனால் இதன் மகரந்தத்தால் பயனில்லை. காய்க்க வேண்டுமென்றால் அருகில் அதே சமயம் பூக்கும் வேறு ரகம் இருக்க வேண்டும். அதுவும் காய்க்க வேண்டுமானால் மூன்றாவதாக ஒன்றும் தேவை. ஒரு வருடம் கொட்டிவிட்டு மறுவருடம் கைவிரிப்பதும் இதன் சுபாவம்தான், நோயல்ல.