வேளாண்மை தனிப்பாடம் இல்லை, டீச்சர்

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் ஆசிரியர்களை வேளாண் அறிவியல் பயிற்சிக்குக் கூப்பிட்டால் முதலில் வருவது, "சார், இருக்கிற சிலபஸையே முடிக்க முடியல, இது வேறயா?" என்ற கேள்விதான். நியாயமான கேள்வி. அதனால் நான் புதுப் பாடம் எதையும் தருவதில்லை, புத்தகத்தில் இருப்பதை வயலில் காட்டுவதோடு சரி. பவர்பாயிண்ட் போட்டு நடத்தும் பயிற்சிகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது.

அடர்த்தி பாடத்துக்கு விதைநெல் போதும். வாளித் தண்ணீரில் ஒரு நல்ல முட்டையைப் போட்டால் முழுகிவிடும், உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வந்தால் அது மேலேறி, ஓடு எட்டணா அகலத்துக்கு வெளியே தெரியும். அந்தக் கரைசலில் நெல்லைக் கொட்டினால் பதரும் கருக்காயும் மிதக்கும், மணி பிடித்தது அடியில் தங்கும். தங்கிய விதையை ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணீரில் அலச மறக்கக் கூடாது, உப்பு முளைப்பைக் கெடுத்துவிடும். மேட்டூர் திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12, பள்ளி திறப்பதும் அந்த மாதம்தான், குறுவைக்கு வீட்டிலேயே விதை ஊறிக்கொண்டிருக்கும்.

பயறுவகைச் செடியின் வேரில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா பாடத்துக்கு மட்டும் பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டும். சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்து தெளிக்கிறார்கள் இல்லையா, அந்தச் செடி பூக்கிற சமயத்தில் வெடுக்கென்று பிடுங்காமல் மண்ணோடு தோண்டி அலசிப் பார்த்தால் வேரில் முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும், அந்த நிறத்தைத் தருவது லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரன். சிவப்பாக இருந்தால் அது காற்றிலிருந்து தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், பச்சையாக மாறியிருந்தால் வேலை முடிந்துவிட்டது. படத்தை வைத்து வருஷக்கணக்காக நடத்தியவர்களே இந்த இடத்தில் செல்போனை எடுத்துவிடுகிறார்கள்.

கணக்கு ஆசிரியர்களுக்கும் இதில் வேலை உண்டு. 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் அப்பா ஏன் நெல்லைத் திரும்பக் காயவைக்கிறார் என்பதும் சதவீதக் கணக்குதான்.

ஆனால் சிலபஸைவிடப் பெரிய தடை கூச்சம். பையனுக்குத் தெரிந்த பூச்சி தனக்குத் தெரியவில்லையே என்று பல ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். தெரியாவிட்டால் என்ன, அவனே சொல்லட்டுமே! காய்ந்த நடுக்குருத்தை இழுத்தால் கையோடு வந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். ஏன் வருகிறது என்று கேட்பதுதான் ஆசிரியர் வேலை. தண்டைப் பிளந்து பார்க்கச் சொன்னால் உள்ளே தின்றுகொண்டிருக்கும் தண்டுத்துளைப்பான் புழு பெரும்பாலும் அகப்படும். அதற்கு மேல் சந்தேகம் வந்தால் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நீடாமங்கலத்திலும் சிக்கலிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன.

அப்புறம் ஒன்று, இதைப் பயிற்சியில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. பிள்ளைகளை இறக்கும் முன் வயல்காரரிடம் எப்போது மருந்து அடித்தீர்கள் என்று கேளுங்கள். சமீபத்தில் அடித்திருந்தால் அந்த வயல் வேண்டாம், வேறு வயலுக்குப் போங்கள், திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுக் கை கால் கழுவச் சொல்லுங்கள்.