பம்பரில் பூசிய விபூதி

தை மாதம், சம்பா அறுவடை நேரம். நீடாமங்கலம், மன்னார்குடிப் பக்கம் சாலையில் பாதியை நெல் காயப்போடவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். தங்கை மகள் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு என்னுடைய கருநீலக் கார்தான் என்று முடிவாகிவிட்டது. பத்து வருடத்து வண்டி, வெயிலில் பார்த்தால் பெயின்ட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கீறல். எல்லா வேலையையும் ஒரே பாட்டிலில் முடிக்கும் பாலிஷ் ஒன்றை வாங்கி வந்து, வாசலில் நிறுத்தி, உச்சி வெயிலில் தேய்த்தேன். பெயின்ட் பளபளத்தது. ஆனால் அதற்குக் கீழே, பெயின்ட் அடிக்காத கருப்பு பிளாஸ்டிக் பம்பர் முழுக்க வெள்ளைத் தீற்றல்.

“மாமா, பம்பருக்கு விபூதி பூசிட்டீங்களா?” என்றான் தங்கை மகன்.

வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றினேன். வெள்ளை காணாமல் போனது. நிம்மதியாக உள்ளே போய்க் காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால், பம்பர் காய்ந்து, விபூதி அப்படியே திரும்பி வந்திருந்தது. நனைந்தால் மறைவதும் காய்ந்தால் தெரிவதுமான அந்த வேடிக்கையில்தான், பிளாஸ்டிக்கில் வெள்ளை படியாமல் பெயின்ட்டைப் பளபளக்க வைக்க எந்த பாலிஷை வாங்குவது என்பதற்கான விடை இருக்கிறது.

இந்த ஒரே பாட்டில் பாலிஷுக்குள் மூன்று சரக்கு இருக்கும். தேய்க்கும் தூள் ஒன்று, அழுக்கைக் கரைக்கும் திரவம் ஒன்று, தேய்த்த பிறகு மேலே படலமாக நின்று காக்கும் மெழுகோ பாலிமரோ ஒன்று. தூள் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. மாணிக்கமும் நீலக்கல்லும் அடிப்படையில் இதே பொருள்தான். மோஸ் கடினத்தன்மை அளவில் வைரத்துக்கு 10 என்றால் இதற்கு 9. கார் பெயின்ட்டின் மேலே இருக்கும் நிறமற்ற பூச்சை, பட்டறையில் கிளியர் கோட் என்பார்கள், இந்தத் தூள் கொஞ்சமாகச் சீவி, கீறலின் கூர்மையான விளிம்புகளை மழுக்குகிறது. அந்தப் பூச்சின் தடிமன் சுமார் 40, 50 மைக்ரான். நம் தலைமுடி அதைவிடத் தடிமன். அதனால் வருடத்துக்கு நாலு தடவை பாலிஷ் போடுகிறேன் என்று பெருமை பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

கீறல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், நம் ஊரில் வைக்கோலைத்தான் கைகாட்டுவேன். நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை, மணலில் இருக்கும் அதே சரக்கை, உறிஞ்சித் தாளிலும் உமியிலும் சேர்த்து வைக்கிறது. உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சிலிக்காதான். அந்தச் சாம்பலைப் போட்டு நம் பாட்டிமார் பாத்திரம் துலக்கியது சும்மா இல்லை. அறுவடைக் காலத்தில் அந்தத் தூசி காரின் மேல் படிகிறது. நாம் காலையில் ஒரு காய்ந்த துணியை எடுத்து ‘சும்மா ஒரு துடை’ துடைக்கிறோம். பாத்திரம் துலக்குகிற அதே வேலைதான் நடக்கிறது, பாத்திரத்துக்குப் பதிலாகக் காருக்கு. முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவி விட்டுத் துடைத்திருந்தால் எனக்கு பாலிஷே தேவைப்பட்டிருக்காது. சரி, அது வேறு கதை.

பம்பருக்கு வருவோம். கும்பகோணம் பக்கத்து நாச்சியார்கோயில் குத்துவிளக்கு ஒன்று வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பித்தளை துலக்கும் பொடி போட்டுத் தேய்த்தால் வழவழப்பான தண்டு பளிச்சென்று ஆகிவிடும். கடைந்த வரிகளிலும் அன்னத்தின் இறகுக் கோடுகளிலும் மட்டும் வெள்ளைப் பொடி இறுகி உட்கார்ந்திருக்கும். துணி மேட்டைத்தான் துடைக்கும், பள்ளத்துக்குள் இறங்காது. பெயின்ட் அடித்த கதவு விளக்குத் தண்டு மாதிரி. பெயின்ட் அடிக்காத பம்பர், கதவுப் பட்டை, சக்கர வளைவு எல்லாம் அன்னத்தின் இறகு மாதிரி. பிளாஸ்டிக் மினுங்கக் கூடாது என்பதற்காக அச்சிலேயே சொரசொரப்பாக வார்த்திருப்பார்கள். பாலிஷ் தூளின் ஒரு துகள் ஒரு மைக்ரான் அளவுதான் என்றால், அந்தப் பள்ளம் அதற்கு ஒரு கிணறு.

போதாக்குறைக்கு அந்த பிளாஸ்டிக்கின் குணமும் சேர்ந்துகொள்கிறது. பெரும்பாலும் அது பாலிபுரோப்பிலீன், கூடவே கொஞ்சம் ரப்பர், கருப்புக்காகக் கரித்தூள். தண்ணீர் அதில் ஒட்டாது, உருண்டு ஓடும். எண்ணெயும் மெழுகும் அதற்குச் சொந்தக்காரர்கள் மாதிரி, நன்றாகப் பரவி உட்காரும். ஆக, தூள் மெழுகோடு சேர்ந்து பள்ளத்துக்குள் போய், மெழுகு காய்ந்து பூட்டுப் போட்டுவிடுகிறது. தண்ணீரும் சாதாரண ஷாம்பூவும் அந்தப் பூட்டைத் திறக்க முடியாது.

அப்படியானால் நனைத்தபோது வெள்ளை எங்கே போனது? எங்கும் போகவில்லை. வாசலில் மாக்கோலம் போடுகிறவர்களுக்கு இது தெரியும். அரைத்த மாவை நனைத்த துணியால் இழுக்கும்போது கோடு மங்கலாகத்தான் தெரியும், காயக் காயத்தான் பளீரென்று வெளுக்கும். அலுமினியம் ஆக்சைடு துகள் தனியாகப் பார்த்தால் ஒளி ஊடுருவும் பொருள்தான். ஆனால் அதில் ஒளி விலகும் அளவு சுமார் 1.76, காற்றில் 1. இந்த இடைவெளி பெரியது என்பதால் ஒவ்வொரு துகளின் விளிம்பிலும் ஒளி சிதறுகிறது. எல்லா நிறமும் ஒன்றாகச் சிதறினால் கண்ணுக்கு வெள்ளை. துகள்களுக்கு இடையே தண்ணீர் புகுந்தால், அதன் அளவு 1.33, இடைவெளி குறைந்து சிதறலும் குறைகிறது. வெள்ளை மங்குகிறது. தண்ணீர் காய்ந்ததும் அந்த இடத்தில் மறுபடி காற்று, மறுபடி விபூதி.

வெயிலில் வெளுத்த பழைய பம்பரில் தேங்காய் எண்ணெய் தடவினால் கருப்பாகத் தெரிவதற்கும் இதுதான் காரணம். புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் மேல்தோலை நுண்ணிய வெடிப்புகளாக உடைத்து வைத்திருக்கிறது. எண்ணெய் அந்த வெடிப்புகளை நிரப்புகிறது. நாலு நாளில் எண்ணெய் போய், அதன் மேல் தெருப் புழுதி வந்து உட்காரும்.

இப்போது பாலிஷ் வாங்கும் கதைக்கு வரலாம். காய்ந்த பிறகு பாட்டிலில் இருந்த சரக்கு என்னவாக மிஞ்சுகிறது என்பது ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். வெள்ளைத் தூளாக மிஞ்சினால் சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் நிச்சயம் வம்பு. கண்ணாடி போன்ற படலமாக மிஞ்சினால் பள்ளத்தில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மெழுகும் தூளும் கெட்டியாகக் கலந்த பழைய பாணி பேஸ்ட் முதல் வகை. அக்ரிலிக் அல்லது சிலிக்கோன் பாலிமர் கலந்த, தூள் குறைந்த திரவங்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை. ‘பிளாஸ்டிக்கில் கறை படியாது’ என்று பாட்டிலில் எழுதியிருப்பதை நான் பாதிதான் நம்புவேன். ஒரு பழைய கருப்பு பிளாஸ்டிக் கூடையின் சொரசொரப்பான பக்கத்தில் ஒரு சொட்டுத் தேய்த்து வெயிலில் வையுங்கள். மறுநாள் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள், பாட்டில் சொல்லாததைக் கூடை சொல்லிவிடும். அப்புறம் காரிலும் சக்கர வளைவின் அடிப்பக்கம் மாதிரி கண்ணில் படாத இடத்தில் ஒரு தடவை.

இதில் ஒரு விலை உண்டு. தூள் குறைந்தால் வெட்டும் சக்தியும் குறையும். லேசான வலைக்கீறலுக்கு அது போதும். நகத்தில் தட்டுப்படும் கீறலுக்கு எந்த ஒரே பாட்டில் சரக்கும் போதாது. முதல் நாள் போன மாதிரி தெரியும், அது பாலிஷில் கலந்திருக்கும் எண்ணெய் கீறலை நிரப்பியதால். நாலு வாட்டர் வாஷுக்குப் பிறகு கீறல் திரும்பி வரும்.

எந்த பாலிஷாக இருந்தாலும் பிளாஸ்டிக் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுவேன், இப்போதெல்லாம். வெயிலில் தேய்ப்பதும் இல்லை. அடர் நிறத் தகடு நம் ஊர் வெயிலில் தொட முடியாத சூடு ஏறும். திரவம் ஆவியாகித் தூள் தேய்படும் முன்பே இறுகிவிடும். அதிகாலையில், நிழலில், ஒரு சமயத்தில் ஒரு கதவு.

ஏற்கெனவே படிந்துவிட்டதா? பெட்ரோல், தின்னர் பக்கம் போகாதீர்கள். ரப்பர் ஊதிப்போகும், பெயின்ட்டும் மங்கும். நீர் கலந்த காரத்தன்மையுள்ள கிளீனரைத் தெளித்து, மென்மையான பழைய பல் துலக்கும் பிரஷால் பள்ளத்துக்குள் தேய்த்து, ஈரம் இருக்கும்போதே துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். மிச்சத்துக்குப் பென்சில் அழிக்கும் ரப்பர். சிரிக்க வேண்டாம், ரப்பர் பிசிறு பள்ளத்தில் இருக்கும் மெழுகை உருட்டிக்கொண்டு வந்துவிடும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு நானும் தங்கை மகனும் ஆளுக்கொரு ரப்பரோடு பம்பர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். முக்கால்வாசி போய்விட்டது. இடது மூலையில் ஒரு கோடு மட்டும் பிடிவாதமாக நின்றது, இன்றும் நிற்கிறது. ஐப்பசி மழையில் மட்டும் தெரியாது.