பனை முதலில் கீழே வளர்கிறது

தை பிறக்கும் முன்பே காரைக்குடிப் பக்கம் பனங்கிழங்கு கட்டுக் கட்டாக விற்பனைக்கு வந்துவிடும். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, மிளகு தட்டித் தொட்டுக்கொண்டால் மாலைப் பொழுது ஓடிவிடும். தின்பதற்கு முன் ஒரே ஒரு கிழங்கை மட்டும் பொறுமையாகப் பிரித்துப் பாருங்கள். முப்பது மீட்டர் வரை உயரக்கூடிய ஒரு மரம் தன் வாழ்க்கையை எப்படித் தொடங்குகிறது என்பது அதில் அப்படியே இருக்கிறது.

மேல்தோல் காய்ந்த தாளாக உரிந்து வரும். அது வித்திலையின், அதாவது விதைக்குள் இருக்கும் முதல் இலையின், உறை. அடுத்தது நாம் தின்னும் வெளிர்மஞ்சள் சதை. நீளவாக்கில் அழுத்தினால் அது இரண்டாகப் பிளக்கும். நடுவில் மெல்லிய குச்சியாக ஒரு குருத்து நிற்கும். பீலி என்று சொல்லி உருவிப் போட்டுவிடுகிறோமே, அதுதான் வெளியே வரக் காத்திருந்த இலை. அதைச் சுற்றியிருக்கும் சதை வேருமல்ல, தண்டுமல்ல. மாவுச்சத்தை நிரப்பித் தடித்துப்போன இலையுறை. கிழங்கின் கூரான அடிமுனைக்குக் கொஞ்சம் மேலே, கடலைப் பருப்பளவுகூட இல்லாத ஓர் இடத்தில் மரத்தின் வளர்முனை இருக்கிறது. பின்னால் வரப்போகும் அத்தனை ஓலையும், அத்தனை பாளையும், முழு மரமும் அந்த ஒரு புள்ளியிலிருந்துதான் வரவேண்டும்.

நார் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். “நாரே இருக்காது ஆச்சி, நம்பி வாங்கிட்டுப் போங்க” என்று விற்பவர் சொல்லுவார். நாரில்லாத பனங்கிழங்கு கிடையாது. அந்த நார்கள் நீரும் உணவும் போய்வரும் குழாய்க் கற்றைகள். வேம்பிலும் மாமரத்திலும் இவை வட்டமாக ஒழுங்குபட்டு அமையும். பனை ஒருவித்திலைத் தாவரம். அதில் கற்றைகள் சதை முழுக்கச் சிதறிக் கிடக்கும். எந்தப் பக்கம் ஒடித்தாலும் பல்லில் மாட்டுவது அதனால்தான். இளங்கிழங்கில் நார் மெல்லிசாக இருக்கும்; முற்ற முற்ற லிக்னின் என்ற கெட்டிப்படுத்தும் பொருள் ஏறிக் கடினமாகும். விற்பவர் சொன்னதில் பாதி உண்மை என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, இந்தக் கிழங்கு மண்ணுக்குள் எப்படிப் போனது? பனங்கொட்டையை யாரும் ஆழக் குழி தோண்டிப் புதைப்பதில்லை. மண்ணைக் குவித்துப் பாத்தி கட்டி, மேலாக அடுக்கிக் கொஞ்சம் மண் தூவிவிடுவார்கள், அவ்வளவுதான். கொட்டை மேலேயே கிடக்கும். கிழங்கு கீழே போயிருக்கும்.

பெரும்பாலான விதைகளில் முளைத்ததும் வேர் கீழே போகும், குருத்து மேலே வரும். பனை வேறு வழி வைத்திருக்கிறது. கொட்டையின் ஒரு முனையில் மூடியிட்ட முளைக்கண் இருக்கிறது. சில வாரங்களில் அதைத் திறந்துகொண்டு வெள்ளையான குழாய் ஒன்று வெளியே வரும். அது வித்திலையின் கீழ்ப்பகுதி. நீண்டு நீண்டு புவியீர்ப்பின் திசையில் இறங்கும். வேரும் குருத்துமாக இருக்கும் கரு அந்தக் குழாயின் நுனிக்குள் இருக்கிறது. கிணற்றுக்குள் வாளியை இறக்குவது மாதிரி, விதை தன் கருவையே மண்ணுக்குள் இறக்குகிறது. மண் இளக்கமாக இருந்தால் குழாய் ஒரு மீட்டர்கூடப் போகும். ஆழம் போதும் என்றானபின் நுனி தடிக்கும், அடியில் வேர் விடும், இலையுறையில் மாவுச்சத்து சேரும். அதற்குப் பிறகுதான் இலை மேல்நோக்கிப் புறப்படும்.

கிழங்குக்குப் பாத்தி போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். குவித்த மண்ணுக்கு அடியில் தரை இறுகலாக இருக்க வேண்டும். இளமண்ணில் நேராக இறங்கும் குழாய் கெட்டித் தரையில் தட்டி நின்றுவிடும். அப்போதுதான் கிழங்கு கோணாமல், ஒடியாமல், பாத்தியைக் கலைத்ததும் கைக்கு வரும். இல்லையென்றால் கடப்பாரை எடுக்க வேண்டியதுதான்.

குழாய் இறங்கும் அத்தனை நாளும் அதற்குச் சோறு போடுவது யார்? கொட்டைக்குள் இருக்கும் தவுன். கிழங்கு எடுத்தபின் கொட்டையை அரிவாளால் இரண்டாகப் போட்டால் உள்ளே வெள்ளையாக, பஞ்சுப் பதத்தில், லேசான இனிப்போடு இருக்குமே, அது. முளைத்த தேங்காய்க்குள் இருக்கும் தேங்காய்ப்பூவும் இதே உறுப்புதான். வித்திலையின் மேல்பகுதி வெளியே வராமல் கொட்டைக்குள்ளேயே தங்கி, உப்பி, உறிஞ்சும் உறுப்பாக மாறிவிடுகிறது.

அது உறிஞ்சும் பொருள் நமக்குப் பழக்கமானது. சித்திரை வெயிலில் நுங்காக விரலால் தோண்டிச் சாப்பிட்டோமே, அதன் முதுமை வடிவம். நுங்கு என்பது பனை விதையின் முளைசூழ்தசை, அதாவது கருவுக்கென்று விதை சேர்த்துவைக்கும் உணவுத் திசு. தொடக்கத்தில் அதில் உட்கருக்கள் மட்டும் பெருகுகின்றன, இடையில் செல் சுவர் கிடையாது. அதனால்தான் பிஞ்சு நுங்கு வெறும் தண்ணீராக இருக்கிறது. பிறகு சுவர்கள் எழும்பி வழுவழுப்பாகத் திரளும். விட்டுவிட்டால் அந்தச் சுவர்களில் மன்னன் என்ற சர்க்கரைச் சங்கிலிப் பொருள் படிந்து படிந்து, ஆடி ஆவணியில் பழம் விழும்போது பல்லை உடைக்கும் கெட்டியாகிவிடும். மாவுச்சத்தாகச் சேமிக்காமல் செல் சுவராகவே சேமித்து வைக்கிறது பனை. தவுன் நொதிகளைச் சுரந்து அந்தச் சுவர்களைக் கரைத்துச் சர்க்கரையாக்கி, குழாய் வழியே கீழே அனுப்பும். கீழே அது மாவுச்சத்தாகப் படியும். கொட்டையில் இருந்த சாப்பாடு ஒரு சில மாதத்தில் இடம் மாறி மண்ணுக்குள் போய்விட்டது. நாம் அவித்துத் தின்பது அதைத்தான்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் வேண்டுமென்றால் செட்டிநாட்டின் மழையைப் பார்த்தால் போதும். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் சுற்றி வற்றாத ஆறு எதுவும் இல்லை. ஊரணியும் கண்மாயும் ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி வெட்டப்பட்டவை. மேல்மண் பல இடங்களில் சரளை, அதற்குக் கீழே செம்புறாங்கல். மழை நின்று தை கடந்தால் மேல்மண் காயத் தொடங்கும். பங்குனியில் நிலம் வெடிக்கும். ஆவணியில் விழுந்த கொட்டை ஐப்பசி மழையில் குழாயை விடுகிறது. ஈரம் மண்ணுக்குள் இறங்க இறங்க, கருவும் கூடவே இறங்குகிறது. கோடை வருவதற்குள் வளர்முனை ஈரமான ஆழத்தில், மூட்டை நிறைய உணவோடு உட்கார்ந்துவிடும். மேலே ஆடு மேயலாம், சருகுத் தீ ஓடலாம், வெயில் காயலாம். உயிர் இருக்கும் இடம் கீழே.

கீழ்நோக்கிய வளர்ச்சி அத்தோடும் முடிவதில்லை. வடலி என்று நாம் சொல்லும் இளம் பனையைப் பார்த்தால் தரையிலிருந்தே ஓலை விரிந்திருக்கும், தண்டு தெரியாது. நாலைந்து வருடத்துக்கு மேலும் அப்படியே நிற்கும். சும்மா நிற்கவில்லை. வேம்பு, புளி போன்றவற்றில் பட்டைக்கு அடியில் கேம்பியம் என்ற வளர்திசு இருக்கிறது. மரம் உயர உயர அது பக்கவாட்டிலும் பருக்கவைக்கும். பனைக்குக் கேம்பியம் கிடையாது. ஒருமுறை தண்டு எழும்பிவிட்டால் பிறகு பருக்க வழியில்லை. அதனால் முதலிலேயே மண்ணுக்குள் வளர்முனையை அகலப்படுத்திக்கொள்கிறது. தேவையான சுற்றளவு வந்தபின்தான் உயரத் தொடங்குகிறது. வேரும் அப்படியே. ஆணிவேர் ஒன்று பருத்துக் கிளைப்பதில்லை. தண்டின் அடியிலிருந்து ஏறக்குறைய ஒரே பருமனில் ஏராளமான வேர்கள் கிளம்பும். கண்மாய்க் கரையில் வரிசையாகப் பனை வைத்த நம் ஆட்கள் அந்த வேர்க்கட்டை நம்பித்தான் வைத்தார்கள்.

பருக்காத தண்டு எப்படி அத்தனை உயரத்தில் காற்றைத் தாங்குகிறது? பனையின் தண்டுச் செல்கள் வெகுகாலம் உயிரோடு இருக்கின்றன. வயது ஏற ஏற வெளிப்புறத்துச் செல்களின் சுவர் தடித்துக்கொண்டே போகும். மரம் பருக்கவில்லை, இறுகுகிறது. வைரம் பாய்ந்த மரம் என்று ஓட்டுக்கூரைக்குப் பனங்கை, அதாவது பனைமரச் சட்டம், தேடுகிறவர்கள் கிழட்டு மரமாகப் பார்ப்பது இதற்குத்தான். குறுக்கே அறுத்தால் விளிம்பில் கருத்த கெட்டிப் பகுதியும் நடுவில் மென்மையான சோற்றுப் பகுதியும் தனித்தனியாகத் தெரியும்.

தண்டு எழும்பியபின் வளர்முனை உச்சிக்குப் போய்விடும். அங்கேயும் அடிமட்டைகளுக்கு நடுவே புதைந்துதான் இருக்கும். ஏறக்குறைய மாதம் ஓர் ஓலை அங்கிருந்து வரும். விரியும் முன் அது மடிப்பு மடிப்பாக நிமிர்ந்து நிற்கும் குருத்து. வெளிச்சம் படாததால் பச்சையம் சேரவில்லை, ஆகவே வெளுப்பு. லிக்னின் ஏறவில்லை, ஆகவே வளையும். செட்டிநாட்டுக் கொட்டான் என்னும் ஓலைக்கூடை பின்ன இந்தக் குருத்தோலைதான் வேண்டும். வெளுத்த ஓலையில்தான் சாயம் சுத்தமாக ஏறும், இளசாக இருந்தால்தான் மெல்லிய கீற்றாகக் கிழித்துப் பின்ன முடியும். கல்யாண வீட்டுச் சீருக்கென்று ஆச்சிமார் கையால் பின்னிய இந்தக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

குருத்தை வெட்டினால் மரம் செத்துவிடாதா என்று கேட்பார்கள். வெட்டுபவர் கை எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. வளர்முனை வெட்டுவாயிலிருந்து வெகு கீழே இருக்கிறது. ஒரு குருத்து போனால் அடுத்தது வரும். ஆனால் ஒவ்வொரு குருத்தும் பல வருடம் வெயிலில் நின்று உணவு தயாரிக்கவேண்டிய ஓலை. தொடர்ந்து எடுத்தால் மரம் மெலியும். ஆழமாக அரிவாள் இறங்கினாலோ கதை முடிந்தது. பனைக்குப் பக்கமொட்டு கிடையாது, வேம்பாட்டம் துளிர்க்காது. காண்டாமிருக வண்டு செய்வது இதைத்தான். மடிந்திருக்கும் குருத்தில் அது ஒரே துளை போடும். ஓலை விரிந்த பிறகு பார்த்தால், ஒரே அளவு வெட்டு மடிப்புக்கு மடிப்பு வரிசையாகத் தெரியும். அந்த வரிசையைக் கண்டால் வண்டு உச்சியில் வேலை பார்த்திருக்கிறது என்று அர்த்தம். துளை வளர்முனையைத் தொட்டால் மொட்டைப்பனைதான்.

பனையில் ஆண் வேறு, பெண் வேறு. அலகுப்பனை ஆண், பருவப்பனை பெண். ஆண் பாளை விரல் விரலாக நீளும்; செதில்களுக்கு அடியிலிருந்து சின்னப் பூக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகாட்டும். பெண் பூ உருண்டு கெட்டியாக இருக்கும், அதில் மூன்று அறை, அறைக்கு ஒரு சூல். மூன்றும் விதையானால் முக்கண் நுங்கு. ஏதாவது ஒன்று தவறினால் இரண்டு கண். தொல்லை என்னவென்றால், பூக்கும் வரை ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது. பூக்கவோ பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். நுங்குக்கென்று இன்று நடுகிறவருக்குப் பாதி ஆணாக வந்து நிற்கலாம். அதனால் நட்டமில்லை, பதநீர் இரண்டிலும் இறங்கும்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நுங்காக வெட்டினால் விதை முற்றுவதில்லை. முற்றிய விதையைக் கிழங்காக்கினால் கன்று இல்லை. தப்பிய மரமும் காய்ப்புக்கு வரப் பன்னிரண்டு, பதினைந்து வருடம். செங்கல் சூளைக்கு வெட்டுவதற்கு ஒரு நாள் போதும். ஒரு கிராமத்தில் வெட்டு நின்றாலும் பனை எண்ணிக்கை சட்டென்று திரும்பி வராது. 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம் இது. 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்ற ஏற்பாடும் அப்போதுதான் வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நட்டதை எண்ணிப் படம் பிடிப்பதோடு நிறுத்திக்கொள்ளும் கூட்டங்கள் பனைக்கு உதவாது என்பது என் எண்ணம்.

நடுவதென்றால் கன்றைவிட விதைதான் மேல். சாதாரணப் பையில் முளைக்கவைத்தால் குழாய் பையின் அடியில் தட்டிச் சுருண்டு நிற்கும், அல்லது பையைத் துளைத்துத் தரைக்குள் போய்விடும். தூக்கும்போது நுனி ஒடியும். ஒடிந்த நுனிக்குள்தான் கரு இருக்கிறது, மீதியெல்லாம் வெறுங்குழாய். ஆகவே ஆவணி புரட்டாசியில், பழுத்து விழுந்த பழத்தின் கொட்டையை எடுத்து, முளைக்கண் கீழே பார்க்க, ஓரடிக் குழியில், பத்தடிக்கு ஒன்றாக நேரடியாக ஊன்றிவிடுவது நல்லது. கண்மாய்க் கரையானால் வெளிப்பக்கச் சரிவு.

அப்புறம் பல மாதம் மேலே ஒன்றுமே தெரியாது. முளைத்ததா என்று தோண்டிப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். குச்சி நட்டு அடையாளம் வைத்துக்கொண்டால் போதும். முதலில் வரும் இலை விசிறியாக இருக்காது, பிரிவில்லாத நீண்ட ஒற்றை இலையாக இருக்கும், கோரைப்புல் என்று நினைத்துக் களை எடுக்கிறவர் பிடுங்கிவிடுவார். ஆடு கடித்துவிட்டால் கவலை வேண்டாம். கீழே கிழங்கில் கையிருப்பு இருக்கிற வரை அது மறுபடி இலை விடும்.