தெரபிஸ்ட் நிறுத்திவிட்டார் என்றால் நீங்கள் மோசமான கேஸ் என்று அர்த்தமில்லை

தெரபிஸ்ட் பாதியில் நிறுத்திவிட்டார் என்று இந்த வருடத்தில் தெரபிஸ்டான என்னிடம் வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். மடியிலிருந்த கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் போனை நீட்டினார். எட்டு மாதத்துக்கு முன் பழைய தெரபிஸ்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி: "இனி தொடர முடியாது. வேறு யாரையாவது பாருங்கள்." கூடவே கைகூப்பும் பொம்மை. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார்.

"நான் அவ்ளோ மோசமான கேஸா, மேடம்?"

இல்லவே இல்லை. மூன்று பேரும் இதையேதான் கேட்டார்கள். தெரபிஸ்டே கைவிட்டால் நமக்கு விமோசனம் கிடையாது என்று முடிவு கட்டி, மாதக்கணக்கில் யாரிடமும் போகாமல் இருந்துவிடுகிறார்கள். நிறுத்துவது தண்டனை அல்ல. நீங்கள் தேறியிருந்தாலும் நிறுத்துவோம், பேசிப் பேசியும் பலனில்லை என்றாலும் நிறுத்துவோம். ஓசிடி என்பது வேண்டாத எண்ணம் துரத்த, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநலப் பிரச்சினை. கை கழுவிக்கொண்டே இருக்கும் ஓசிடிக்கு, பயத்தை எதிர்கொண்டு கழுவாமல் இருக்கப் பழக்கும் இஆர்பி என்ற பயிற்சி முறை வேண்டும். அது தெரியாதவர் வாராவாரம் "ஒண்ணும் ஆகாது" என்று தேற்றிக்கொண்டிருந்தால் ஓசிடி இன்னும் இறுகும். "எனக்கு இதில் பயிற்சி இல்லை" என்று சொல்லி அனுப்புகிறவர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார். பயன் இல்லை என்று தெரிந்தும் ஃபீஸ் வாங்கிக்கொண்டே இருப்பதுதான் தப்பு.

ஆனால் அனுப்பும் விதம் இருக்கிறதே! சக தெரபிஸ்டுகளே, நாம் படிக்கும்போதே சொல்லித் தந்ததுதான். அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறையில் 10.10 விதியும் இதைத்தான் சொல்கிறது: நிறுத்துமுன் அதைப் பற்றிப் பேசுங்கள், வேறு ஆளைக் காட்டுங்கள். க்ளையன்ட் மிரட்டினால் உடனே நிறுத்தலாம், அது வேறு. மற்றபடி குறைந்தது இரண்டு மூன்று செஷனாவது முடிப்பதற்கென்று ஒதுக்குங்கள். சின்ன வயதில் அப்பா சொல்லாமல் போன வீட்டிலிருந்து வந்தவருக்கு, நீங்களும் சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

உங்களுக்கு இப்படி நடந்தால், தயங்காமல் ஒரு கடைசி செஷன் கேளுங்கள். ஏன் என்று கேளுங்கள். யாரிடம் போகலாம் என்று பெயர் கேளுங்கள், அடுத்தவருக்கு ஒரு சுருக்கக் கடிதமும் கேளுங்கள். அப்புறம், தயவுசெய்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். இந்தப் பெண் கவுன்சிலிங் நின்ற வாரமே, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அதையும் நிறுத்திவிட்டார். மாத்திரை எழுதுவது மனநல மருத்துவர், அவரிடம் போவது நிற்கவே கூடாது.

புது ஆள் கிடைக்கும்வரை ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416-க்குக் கூப்பிடுங்கள், அது அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.