இரண்டு மில்லிமீட்டர் தோல்

சி.டி. ஸ்கேன் எடுத்தவரின் ஈரலுக்கு எவ்வளவு கதிர்வீச்சு போய்ச் சேர்ந்தது என்று உள்ளே கருவி வைத்து அளக்க முடியாது. அதனால் கணினிக்குள் ஓர் உடலைக் கட்டி அதன்மேல் கதிரைப் பாய்ச்சிக் கணக்கிடுகிறார்கள். துறையில் இதற்குப் பேன்டம் என்று பெயர்.

1960களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் உருவான பேன்டத்தில் உடற்பகுதி ஒரு நீள்வட்ட உருளை. உறுப்புகள் வெறும் கணிதச் சமன்பாடுகள். சர்வதேச கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் வெளியிட்ட ஆண், பெண் பேன்டங்களோ நிஜ மனிதர்களின் ஸ்கேனிலிருந்து வந்தவை. ஆண் 176 செ.மீ., 73 கிலோ. உடல் முழுவதும் 2.137 × 2.137 × 8 மி.மீ. பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் உறுப்பு எண். அந்த எண்ணுக்கு உரிய அடர்த்தியும் தனிமங்களின் விகிதமும் தனி அட்டவணையில் இருக்கும்.

பிறகு மான்டே கார்லோ கணக்கு. ஃபோட்டான் என்ற கதிர்த்துகள் அடுத்து எங்கே மோதும், அங்கே உட்கவரப்படுமா, சிதறுமா என்பதைச் சமவாய்ப்பு எண்கள் தீர்மானிக்கும். விட்டுச்சென்ற ஆற்றல் அந்த உறுப்பின் கணக்கில் ஏறும்; மொத்தத்தை உறுப்பின் நிறையால் வகுத்தால் டோஸ், அதன் அலகு கிரே. கதிர்க்கற்றைக்கு வெளியே உள்ள சிறிய உறுப்புகளை எட்டும் ஃபோட்டான்கள் சொற்பம், அதனால் விடை ஆடும். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஃபோட்டான்கள் வேண்டும்.

பெரிய சிக்கல் மெல்லிய திசுக்களில்தான். தோலில் கதிரால் பாதிக்கப்படும் செல்கள் சுமார் 0.05 முதல் 0.1 மி.மீ. ஆழத்தில் இருக்கின்றன. பேன்டத்திலோ தோலே ஒரு பெட்டி கனம். வெளியிலிருந்து வரும் 50 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான் சுமார் 0.04 மி.மீ. போய் நின்றுவிடும், அந்தச் செல்களைத் தொடாது. ஆனாலும் பேன்டம் தோலுக்கு டோஸ் காட்டும். 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் நேர்மாறு: செல்கள் வாங்குவது அதிகம், இரண்டு மில்லிமீட்டருக்குச் சராசரி எடுப்பதால் பல மடங்கு குறைந்து தெரியும். 8 மி.மீ. உயரப் பெட்டிகளில் இரைப்பைச் சுவரும் ஓட்டையாகிவிடுகிறது.

2020இல் வந்த புதிய பேன்டங்கள் உடலை 80 லட்சத்துக்கும் மேற்பட்ட நான்முகிகளாக, அதாவது நான்கு முக்கோண முகங்கள் கொண்ட துண்டுகளாகப் பிரிக்கின்றன. அந்தச் செல் அடுக்கையே இதில் தனியாக வரைய முடியும். இரைப்பைச் சுவரும் முழுதாக மூடுகிறது.

ஆனால் 100 கிலோ நோயாளிக்கு 73 கிலோ பேன்டத்தின் விடையை அப்படியே எழுதக் கூடாது. எக்ஸ்ரே குழாயின் மின்னோட்டம் மாறாவிட்டால் அவருடைய கொழுப்பு கதிரைத் தடுத்து உள்ளுறுப்பு டோஸைக் குறைக்கும்; கருவி தானாக மின்னோட்டத்தைக் கூட்டினால் அந்தக் குறைவு ஈடாகிவிடும், சில சமயம் மிஞ்சியும் போகும். எனவே ஸ்கேனில் பதிவான மின்னோட்டத்தையும், நோயாளியின் பருமனுக்கு நெருக்கமான பேன்டத்தையும் எடுத்துக்கொண்டு கணக்கைத் தொடங்க வேண்டும்.